பாயசத்துல சறுக்குன லாரி

சங்ககிரி பைபாஸ்ல பாவாயக்கா மெஸ்ஸ ஒட்டுனாப்புல இருக்கறது என்ற டயர்க்கடை. பத்தொம்பது வருசமா மத்தியானச் சோறு எனக்கு அங்கதான். போன மாசம் ஒரு நாள் அந்தக்கா, "டயர்க்காரரே, சனிக்கெழமையோட கடைய மூடிரலாம்னு இருக்கறனுங்க"ன்னு சொன்னப்ப இனி மத்தியானச் சோத்துக்கு எங்க போறதுங்கறதுதான் எனக்கு மொதக் கவலை.

காரணம் ஒரே ஒரு வாய். லாரி டிரைவர் செங்கோடனோட வாய்.

செங்கோடன் முன்னாலயே கொஞ்சம் அளக்குற ஆளுதான். ஆனா அப்பெல்லாம் படிக்கணக்குல அளப்பாரு. இமயமலைப் பக்கம் ஜவ்வரிசி லோடு கொண்டுபோயிட்டுத் திரும்பி வந்த நாள்லேர்ந்து மூட்டைக்கணக்குல அளக்க ஆரம்பிச்சுட்டாரு.

வந்த மொத நாளே, அக்கா ஊத்துன ரசத்த ஒரு வாய் உறிஞ்சிப்போட்டு மூஞ்சியச் சுளிச்சாரு. "ஏனுங்க்கா, இது ரசமா, இல்ல ரசம் வெச்ச குண்டானக் கழுவுன தண்ணியா?" பந்தியில எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாம் நாளு அவரைக்காப் பொரியலப் பாத்து, "இத மாட்டுக்குப் போட்டா மாடு போலீசுக்குப் போவும்"னாரு. மூணாம் நாளு சாம்பார்ல வெரல உட்டுத் தொழாவிப் பாத்து, "பருப்பு இன்னைக்கு லீவுங்களா?"ன்னாரு. "சறுக்குற ஊர்ல தின்ன நாக்குங்க இது. இங்க வந்து இதத் திங்கோணும்னு என்ற தலையெழுத்து."

அஞ்சாம் நாளு என்ன ஆச்சுன்னா, வழக்கமா இங்க திங்கிறவங்க எதுத்தாப்புல இருக்கற புது ஓட்டல்ல தின்னுபோட்டு, பல்லக் குத்திக்கிட்டே இந்த வாசல்ல வந்து நின்னாங்க. எதுக்கு? செங்கோடன் கதை கேக்க. இருவது வருசம் ருசியா இருந்த சோறு, ஒருத்தன் மூஞ்சியச் சுளிச்சதும் இவனுகளுக்குக் கசந்துபோச்சு. சொந்த நாக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே!

அன்னைக்கு வெள்ளிக்கெழமை. உள்ள எலையில உக்காந்திருந்தது நானு, லோடு புரோக்கர் அத்தியப்பண்ணன், செங்கோடன், அவ்வளவுதான். வாசல்ல ஒரு பதினஞ்சு பேரு. பாவாயக்கா சோறு போட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு.

அத்தியப்பண்ணனுக்கு யாரையும் நம்பற பழக்கம் கெடையாது. மழை பேஞ்சாக்கூட கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் ஒத்துக்குவாரு. அவரு கேட்டாரு: "ஏப்பா, அஞ்சு நாளா சறுக்குற ஊரு, சறுக்குற ஊருங்கறியே, அது எங்கதான் இருக்குது?"

"மணாலிக்கு மேலீங்க. மேகத்துக்கும் மேல. சொங்டான்னு பேரு."

அத்தியப்பண்ணன் போனத் தேச்சுப் பாத்தாரு. "மேப்புல காணமே."

"எப்படிங்கண்ணா இருக்கும்? மேப்பு போட வந்த ஆபீசரு அந்தூரு ஓட்டல்ல சாப்பிட உக்காந்தவரு இன்னும் எந்திரிக்கல. மூணு வருசமா மறுசோறு வாங்கிட்டிருக்காரு."

வாசல்ல சிரிப்பு. செங்கோடனுக்கு அது போதும். சோத்த ஒரு ஓரமா ஒதுக்கிப்போட்டு நிமுந்து உக்காந்தாரு.

"அந்தூர்ல எவனும் நடக்கமாட்டானுங்க. கால்ல ரெண்டு பலகையக் கட்டிக்கிட்டு பனியில சறுக்கறதுதான். வெளிநாட்டுக்காரனெல்லாம் அதுக்குன்னே வர்றான். சறுக்கி முடிச்சா பசிக்குமல்ல? அதனால தடுக்கி உழுந்தா சாப்பாட்டுக்கடை. அதுல ரொம்ப மட்டமான கடையச் சொல்றேன், கேளுங்க. ஒரு டீக்கடை. அங்க டீய எவனும் குடிக்கமாட்டான். கிளாஸ்ல ஊத்துனதும் ஆவி மேல வரும் பாருங்க, அந்தக் குளுருக்கு ஆவி அப்படியே கயிறு மாதிரி வெறச்சுக்கும். கடைக்காரன் அந்த ஆவியப் புடிச்சே கிளாஸத் தூக்கி ஆணியில மாட்டிருவான். நாம போயி ஆவிய ஒடச்சு, முறுக்கு மாதிரி நறுக்கு நறுக்குன்னு கடிச்சுக்கோணும்."

"டீ?" அத்தியப்பண்ணன் கேட்டாரு.

"டீய யாருங்க தின்னா? அது நாய்க்கு."

நான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கோணும். "உங்க வீட்ல டீ நீங்க போட்டாத்தான் உண்டுன்னு கேள்விப்பட்டேன்"னேன். செங்கோடன் என்னைய, காத்து எறங்குன டியூபப் பாக்கற மாதிரி பாத்துட்டு மேல போனாரு.

"அதுக்கடுத்தாப்புல கொழுக்கட்டைக் கடை. மோமோம்பாங்க. கடை மலை உச்சியில. காச நீட்டிப்போட்டு நாம சறுக்க ஆரம்பிச்சரோணும். நம்ம தட்டு நமக்குப் பின்னால சறுக்கிட்டு வரும். நம்ம வேகத்துக்கும் அது வேகத்துக்கும் சரியா இருந்தா, கைய மட்டும் பின்னால நீட்டி எடுத்துத் தின்னுக்கலாம். நாம கொஞ்சம் மெதுவாப் போனா தட்டு நம்மளத் தாண்டிப் போயிரும். பஞ்சாப் பக்கம் வயக்காட்டுல ஆளுக அண்ணாந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறானுகளே, எதுக்குங்கறீங்க? அதுக்குத்தான்."

"நீ எத்தன தின்ன?"

"நானா? நான் கொழுக்கட்டைக்கு முன்னால போயி அடிவாரத்துல உக்காந்து, இன்னுமா வரலைன்னு திட்டிட்டிருந்தனுங்க." அடுப்படிப் பக்கம் தலையத் திருப்பி, சத்தமா, "அது கொழுக்கட்டை! இங்க போன வாரம் போட்டாங்களே ஒரு கொழுக்கட்டை, அத டயர்க்காரரு பஞ்சர் ஒட்ட எடுத்துக்கலாம்"னாரு.

அடுப்படியில பாத்திரம் வெக்கற சத்தம் நின்னுபோச்சு. வாசல்ல நின்னவனுக இதுக்கும் சிரிச்சானுக. இத்தன வருசமா அந்தக்கா கையில தின்னவனுகதான்.

"மூணாவது சூப்புக்கடை," செங்கோடன் நிறுத்தல. "அங்க சூப்புல போடற மொளகு இருக்குதே, அந்தச் சட்டி மூடியத் தொறக்கோணும்னா கலெக்டர் கையெழுத்து வேணும். ஒரு நாள் கையெழுத்து இல்லாம சமையக்காரன் தொறந்துட்டானுங்க. அந்தக் காரம் காத்துல ஏறி, எதுத்த மலையில ஆயிரம் வருசத்துப் பனி ஒரே மணி நேரத்துல கரைஞ்சுபோச்சு. சறுக்கிட்டிருந்தவனெல்லாம் சேத்துல நிக்கறான். அப்பறமென்ன, நாத்து நட்டு மூணு போகம் எடுத்தாங்க."

"ஒரே நாள்லயா?"

"மத்தியானத்துக்குள்ள."

"ஏப்பா செங்கோடா, நீ அந்த சூப்பக் குடிச்சியா?"

"ரெண்டு கிண்ணம். உப்பு கொஞ்சம் பத்தலைன்னு சொல்லிட்டு வந்தேன்."

அத்தியப்பண்ணன் மோருக்குக் கைய நீட்டுனாரு. "சரி, அந்தூர்லயே நல்ல கடை எது? அதையுஞ் சொல்லிரு, கேட்டுட்டுப் போறேன், எனக்கு ரெண்டு மணிக்கு லோடு இருக்குது."

"என்ற லாரிதானுங்க."

வாசல்ல நின்னவனுக இன்னும் கிட்ட நெருங்கி வந்தானுக.

"பதினாறு டன் ஜவ்வரிசி. எறக்கற எடம் பள்ளத்துல. ரோடு முழுக்கப் பனி. மத்த டிரைவரெல்லாம் வண்டிய நிறுத்திப்போட்டு வேண்டிக்கிட்டிருக்கானுக. நான் ரெண்டு பனமரத்த வெட்டி லாரிக்கு அடியில கட்டுனேன்..."

"இமயமலையில ஏதப்பா பனமரம்?"

"நம்மூர்லேர்ந்து கொண்டுபோனதுங்க. டிரைவர்ன்னா முன்யோசன வேண்டாமா? கட்டி, உட்டேன் பாருங்க ஒரு சறுக்கு! கூட வந்த வையாபுரி பயந்துக்கிட்டு தார்ப்பாய்க்குள்ள பூந்தவன் வெளிய வரவே இல்ல, அவனெல்லாம் ஒரு டிரைவரு. நான் பிரேக்க அமுத்துனேன். பிரேக் சூடுக்கு பனியெல்லாம் கொதிதண்ணி ஆயிருச்சு. மூட்டை கிழிஞ்சு ஜவ்வரிசி அதுல கொட்டி வெந்துபோச்சு. மொதத் திருப்பத்துல ஒரு பால் வண்டிய இடிச்சேன். ரெண்டாம் திருப்பத்துல சக்கரைக்கடை. மூணாம் திருப்பத்துல முந்திரி விக்கிறவன் தானா ஒதுங்குனான், கூடைய மட்டும் வாங்கிக்கிட்டேன். அடிவாரம் போயித் திரும்பிப் பாத்தா, மலை முழுக்கப் பாயசம்!"

"ஏலக்கா?" அத்தியப்பண்ணன் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாரு.

"வண்டியில சாமி படத்துக்கு ஏலக்கா மாலை போட்டிருந்தனுங்களே! ஒம்பது நாளு அந்த ஊரு பாயசத்துலதான் சறுக்குச்சு. உழுந்தவன் எந்திரிக்கவே இல்ல, படுத்த வாக்குல நக்கிக்கிட்டே கெடந்தான். ஓட்டல்காரனெல்லாம் ஏவாரம் போச்சுன்னு என்ற கால்ல உழுந்தானுக."

அந்நேரம் பாத்து வையாபுரி உள்ள வந்தான். செங்கோடனோட அந்த இமயமலை நடைக்கு மாத்து டிரைவராப் போனவன். எடப்பாடியில அக்கா மவளுக்குக் காதுகுத்துன்னு ஊருக்குப் போயிருந்து அன்னைக்குத்தான் திரும்பியிருந்தான். அவனப் பாத்ததும் செங்கோடன் அவசரமா ஒரு உருண்டை சோத்த வாயில போட்டுக்கிட்டாரு.

அத்தியப்பண்ணன் உடுவாரா? "வா வையாபுரி. உக்காரு. நீ தார்ப்பாய்க்குள்ள பூந்துக்கிட்டியாமா? நீயெல்லாம் டிரைவரான்னு உங்கண்ணன் இப்பத்தான் சொல்லிட்டிருந்தாரு." சறுக்குன லாரி, பாயசம், எல்லாத்தையும் ஒண்ணு உடாம ஒப்பிச்சாரு. "நெசமா?"

வையாபுரி சொம்புத் தண்ணியத் தெளிச்சு எலையக் கழுவுனான். செங்கோடன் மூஞ்சிய ஒருக்காப் பாத்தான். அடுப்படி வாசல்ல சோத்துக் குண்டானோட நின்ன பாவாயக்கா மூஞ்சியவும் பாத்தான். அந்த மூஞ்சி அன்னைக்கு நல்லா இல்ல.

"நெசந்தானுங்க," அப்படின்னான். "அண்ணன் கொறச்சுச் சொல்றாரு. அவருக்குக் கூச்ச சுபாவம்."

செங்கோடனுக்கு மூச்சு வந்துச்சு. "அப்படிச் சொல்லுடா!"

"ஆனா நல்ல கடைய அண்ணன் உட்டுட்டாருங்க. மலைக்கு அந்தாண்ட ஒண்ணு இருக்குது. மத்தியானமானா மேகமெல்லாம் எறங்கி வந்து பந்தியில உக்காந்துக்கும். மேகம் தின்னு எந்திரிச்ச பொறவுதான் மனுசனுக்கு எலை. நான் ஒரே கரண்டி பருப்பு வாங்கித் தின்னனுங்க. அதே நேரம் எடப்பாடியில எங்கப்பாரு ஏப்பம் உட்டாரு. எங்க தாத்தன் செத்துப் பதினாறு வருசம், அவரும் உட்டாருன்னு சொல்றாங்க."

வாசல்ல வெடிச்சுச் சிரிச்சாங்க. அஞ்சு நாள்ல செங்கோடனுக்கு வராத சிரிப்பு. அவரு மொகம் சுருங்கிப்போச்சு. "எனக்குத் தெரியாம அங்க ஏதுடா கடை?"

"உங்களுக்கு அங்க எடங் கெடைக்கலீங்களேண்ணா."

"அப்ப லாரிய ஓட்டுனது?" அத்தியப்பண்ணன் எடுத்துக் குடுத்தாரு.

"நாந்தானுங்க. ஒத்தக் கையில. அண்ணன் பின்னால உக்காந்து முந்திரி பொறுக்கிட்டிருந்தாரு."

"டேய்!"

"அந்தூர்ல எல்லாங் கெடைச்சுதுங்க, பாவாயக்கா ரசம் மட்டும் கெடைக்கல. அத நெனச்சு ஒரு நாளு நான் அழுதேன் பாருங்க! அந்தக் கண்ணீரு ஓடுன ஓட்டத்துல ஒரு பனிமலையே கரைஞ்சு தரையாயிருச்சு. இப்ப அங்க பஸ் ஸ்டாண்டு கட்டியிருக்கறாங்க."

செங்கோடன் எலையில அறைஞ்சாரு. சோறு தெறிச்சுது. "நீ அழுதியா? நீயா? டேய், அழுதது நாண்டா!"

"நீங்களாண்ணா?"

"நாந்தான்! பஸ் ஸ்டாண்டாம், மேகமாம்! நீ எந்த மலைய ஏறுனே? மண்ணு சரிஞ்சு ரோட்ட அடைச்சு, அடிவாரத்துலயே பதினோரு நாளு நிறுத்திப்போட்டாங்க. சறுக்குற ஊர நாம போட்டோவுலகூடப் பாக்கல. கொண்டுபோன அரிசி நாலு நாள்ல தீந்துபோச்சு. அப்பறம் காஞ்ச ரொட்டியும் பச்ச வெங்காயமும். ஏழாம் நாளு காச்சல்ல கெடந்து, பாவாயக்கா ரசம் ஒரு டம்ளரு கெடைச்சாப் பொழச்சுக்குவன்டான்னு ஏங்கி ஏங்கி அழுதது நானு! நீ வெந்தண்ணி வெச்சுக் குடுத்தே. நீ எங்கடா அழுதே?"

கத்தி முடிச்ச பொறவுதான் அவரு சொன்னது அவரு காதுலயே உழுந்துது.

வையாபுரி குனிஞ்சு சோத்தப் பெசஞ்சான். வாசல்ல நின்னவனுக ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தானுக. ஒருத்தன் மெதுவா, பல்லுக்குச்சிய வெளிய எறிஞ்சுட்டு, உள்ள வந்து பெஞ்ச இழுத்தான். எதுத்தாப்புல அப்பத்தான் தின்னவன். அவன் பின்னால இன்னும் நாலு பேரு. சனிக்கெழமை கடை மூடலீங்க. வாய்ப்பேச்ச நம்பிச் சொல்லல, இப்பத்தான் அங்க தின்னுபோட்டு வந்து உங்ககிட்டப் பேசிட்டிருக்கறேன்.

பாவாயக்கா ரசக் குண்டான எடுத்துட்டு வந்துச்சு. செங்கோடன் எலையில ஊத்துச்சு, எலை தாண்டி மேசையில ஓடற வரைக்கும் ஊத்துச்சு. அவரு தலையத் தூக்காம ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிக் குடிச்சாரு. கடைசியா வாயத் தொடச்சுக்கிட்டு, தொண்டையக் கனைச்சாரு.

"ஆனா அத்தியப்பண்ணா, அந்தக் காஞ்ச ரொட்டி இருக்குது பாருங்க, ஒவ்வொண்ணும் லாரி ஸ்டெப்னி பருமன்..."

"எந்திரிங்க," பாவாயக்கா சொல்லுச்சு. "திங்கறவங்க உக்காரட்டும்."