ஊற்றுகிறவள் குடிக்கும் தண்ணீர்

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. கல்லூரியில் உடன் படித்த ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அவள் ஊர் மருத்துவச்சி சொன்னாளாம். நடுவில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டபடி எழுதுகிறேன்.

வேம்பிக்குக் கல்யாணமான மாதமே புருஷன் செத்துப்போனான். புருஷனை விழுங்கிவிட்டாள் என்று ஊர் அவளைத் துரத்தியது. ஒச்சாயிக்கு உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பெருநோய் என்று அவள் ஊரும் துரத்தியது. சுடுகாட்டு மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே சிரட்டை.

வேம்பிதான் பிச்சைக்கு ஊருக்குள் போவாள். ஒச்சாயியைப் பார்த்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் அவள் ஊர் எல்லையில் ஏதாவது புளியமரத்துக்குப் பின்னால் மறைந்திருப்பாள்.

"இந்தா, மொதல்ல நீ தின்னு."

"நீ?"

"எனக்கு மிச்சம் வை. வைக்காட்டி இருக்கு உனக்கு."

சிரட்டையை நீட்டும்போதெல்லாம் வேம்பிக்கு மனசு நிறைந்துவிடும். தன்னை நம்பியும் ஒரு ஜீவன் இருக்கிறது என்று.

அப்படியே சுற்றித் திரிந்து, கருங்கணவாயில் சடையம்மாவின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சடையம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்காக அவள் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தாள். பந்தலுக்கு ஒரே ஒரு சட்டம். ஊற்றுகிறவள் தானே மொண்டு குடிக்கக் கூடாது. மடத்தில் இன்னொருத்தி வந்து ஊற்ற வேண்டும். வழிப்போக்கர்களைப் போலவே அவளும் குனிந்து, கையேந்திக் குடிக்க வேண்டும்.

சடையம்மா இருவரையும் ஒருமுறை பார்த்தாள். அகப்பையை ஒச்சாயியிடம் கொடுத்தாள். வேம்பியை அடுப்படிக்கு அனுப்பினாள்.

வேம்பி கேப்பை அரைத்துக்கொண்டே தட்டியின் சந்து வழியாகப் பார்ப்பாள். மறைந்தே கிடந்தவள் நட்ட நடுவில் நிற்கிறாள். வருகிறவர்கள் தாகத்தில் திட்டைக் கவனிக்காமல் அவள் கைக்குக் கீழே குனிகிறார்கள். "மகராசியா இரு தாயி" என்கிறார்கள். உச்சி வெயிலில் சடையம்மாவே எழுந்து போய் ஒச்சாயிக்கு ஊற்றுகிறாள். ஒச்சாயி குடித்துவிட்டுச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பு வேம்பிக்கு ஆகவில்லை. புளியமரத்துக்குப் பின்னால் அவள் இப்படிச் சிரித்ததே இல்லை.

ராத்திரி ஒச்சாயி பந்தல் கதைகளை அளப்பாள். "தூக்கமா வருது, படு புள்ள" என்று வேம்பி திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒருநாள் விடியற்காலையில், பந்தல் திறக்கும் முன், பச்சைக்கண்டாங்கி கட்டிய ஓர் அம்மாள் அடுப்படிப் பக்கம் வந்து தண்ணீர் கேட்டாள். வேம்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"போறவங்ககிட்டயும் சொல்லுங்க தாயி. பந்தல்ல நிக்கிறவ கையைப் பாத்துட்டுக் குடிக்கச் சொல்லுங்க."

உச்சிப்பொழுதுக்குள் அந்தச் சொல் மலைப்பாதை முழுக்கப் பரவிவிட்டது. ஏந்திய கைகள் விலகின. ஒருவர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினார். ஒச்சாயி அகப்பையை நீட்டியபடியே நின்றாள்.

சாயங்காலம் வேம்பி சடையம்மாவிடம் போனாள்.

"அம்மா, அவளை ஏன் அங்க நிறுத்தினீங்க? சனம் மூஞ்சியச் சுளிக்குது. மடத்துப் பேரு கெடுது."

"அதுக்கு?"

"நான் ஊத்துறேனே."

மறுநாள் காலையில் அகப்பை வேம்பியின் கைக்கு வந்தது.

வேம்பி ஊற்றினாள். "மகராசியா இரு" என்றார்கள். முதலில் இனித்தது. வெயில் ஏற ஏற நாக்கு ஒட்டிக்கொண்டது. சடையம்மா வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரும் வழியாக இல்லை.

"அம்மா, தொண்டை காயுது."

"கை இருக்குல்ல? ஏந்து."

"யாரு ஊத்துவா?"

"ஏந்துனாத்தானே தெரியும்."

அப்போது அடுப்படியிலிருந்து ஒச்சாயி வந்தாள். முழங்கை வரை மாவு. வேம்பியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிப் பானையில் விட்டு மொண்டாள்.

"குனி புள்ள."

மலையிலிருந்து இறங்கியவர்களின் வரிசை பந்தலில் நின்றது. அதில் பச்சைக்கண்டாங்கி அம்மாளும் இருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏ தாயி! இவ கையைப் பாத்துக் குடிக்கச் சொன்னவளே நீதானே? இப்ப நீ குடிக்கப் போறியா?"

வரிசை முழுவதும் வேம்பியைப் பார்த்தது. அவள் ஒச்சாயியைப் பார்க்கவில்லை. அகப்பையை மட்டும் பார்த்தாள். அது ஆடவில்லை.

வேம்பி குனிந்தாள். கையேந்தினாள். ஒச்சாயி, புறங்கையில் வழியாமல், மெல்லிய தாரையாக ஊற்றினாள். போதும் என்று வேம்பி தலையசைக்கும் வரை ஊற்றினாள்.

பச்சைக்கண்டாங்கி அம்மாள் குடிக்காமலே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர், "எனக்கும் ஊத்து தாயி, நேரமாகுது" என்று ஒச்சாயியிடம் கை நீட்டினார்.

சாயங்காலம் வேம்பி சடையம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நான் கேட்டதுக்காகவா அகப்பையைக் குடுத்தீங்க?"

"நீ வர்றதுக்கு முன்னாலயே ஒச்சாயி வந்து கேட்டுட்டா."

"அவளா? அவளுக்கு... தெரியுமா?"

"விடியக்காலைல அந்தம்மாகிட்ட நீ பேசினப்ப, தட்டிக்கு இந்தப் பக்கம் பானை விளக்கிக்கிட்டு இருந்தது யாருன்னு நெனச்ச?"

"என்ன சொல்லிக் கேட்டாம்மா?"

"'வேம்பிக்கு ரொம்ப நாளாத் தாகம். அவளை அங்க நிறுத்துங்க, அவளுக்கு நான் ஊத்துறேன்'னா."

பிறகு ஒருமுறை நான் அந்தக் கணவாய்க்குப் போனேன். ஒச்சாயி, வேம்பி என்ற பெயர்களை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. சடையம்மாவுக்குச் சமாதி என்று ஒரு கல்லைக் காட்டினார்கள். அதில் எழுத்து இல்லை. ஆனால் பந்தல் இருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் குடம் வைத்திருக்கிறார்கள். ஊற்றுவதற்கு ஓர் ஆள் போதும். இரண்டு பேர் நிற்கிறார்கள்.