நாற்பத்தொன்றாவது வரி

"நாற்பது பொருளையும் போட்டுக் கலந்தாச்சு டீச்சர். அவ வரலை," என்றார் தில்லைநாயகம்.

சுலைகா டீச்சர் கையிலிருந்த அத்தர்க் குப்பியை மூடி வைத்தார்.

"யாரு வரலை?"

"வடிவு. என் வீட்டுக்காரி."

"எங்க போயிருக்காங்க?"

"செத்துப்போயிட்டா. ஆறு வருஷம் ஆச்சு."

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தில்லைநாயகம் உட்கார்ந்தார்.

அவருக்கு அறுபத்தாறு வயசு. டீச்சருக்கு நாற்பத்திரண்டு. தலை நரைத்தவர்கள் சிஷ்யர்களாக வந்து நிற்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர் டீச்சர். வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு வேலையை விட்டுவிட்டு அவருடைய அத்தர்க் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து பெரிய பெரிய ஆய்வுக்கூடக்காரர்கள்கூட இந்தக் கடற்கரைக்கு வந்து வாசனையைப் பற்றிக் கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு டீச்சர் பதிலே சொல்லமாட்டார். டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

தில்லைநாயகத்துக்கும் டீ வந்தது. அவர் தொடவில்லை.

"நானும் கெமிஸ்ட்தாங்க. எசன்ஸ் கம்பெனியில முப்பத்துமூணு வருஷம். அவ கடைசியாக் கட்டின சேலையைத் துவைக்கலை. பிஸ்கட் டின்ல வச்சு, விளிம்பெல்லாம் மெழுகு ஊத்தி அடைச்சுட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை, திதி அன்னிக்கு மட்டும் திறப்பேன். ஒரு விரற்கடை. ஒரே ஒரு மூச்சு. மூடிடுவேன்."

"ம்."

"போன திதிக்குத் திறந்தா, இருக்கா இல்லையான்னே தெரியலை. பதறிப்போச்சு."

அவருடைய மருமகன் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு புது யந்திரம் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் சூடாக்கி, வாசனையைப் பிரித்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இது தெரிந்த கழுதை. கற்பூரத்தில் எது எத்தனை பங்கு என்றுகூடச் சொல்லும். சேலையைப் பாதியாகக் கிழித்து அதற்குக் கொடுத்தார்கள். பாதிச் சேலை போய், ஒரு தாள் வந்தது.

தாளை டீச்சரிடம் நீட்டினார் தில்லைநாயகம்.

"இதெல்லாம் தேங்காய் எண்ணெய். இது மஞ்சள். இது சோப்பு. இது அவ வியர்வை. இது ரசத்துக்கு வறுக்கிற மல்லி. எல்லாம் கடையில வாங்கிக் கலந்தேன். பதினெட்டுத் தடவை. கம்ப்யூட்டரையும் கேட்டுட்டேன். தொண்ணூத்தெட்டு சதவீதம் சரிங்குது."

"மூக்கு என்ன சொல்லுது?"

"யாரோ ஒரு பொம்பளைங்குது."

டீச்சர் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். கோடு போட்டு, கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு.

"இது நாற்பத்தொண்ணு."

"அது கணக்கில்லைங்க. அவளோடது இல்லை. எங்க ஃபேக்டரி எசன்ஸ் அழுக்கு, எப்படியோ ஒட்டியிருக்கு. எடுத்துட்டேன்."

"ஓ."

"சுத்தம்தானே டீச்சர் நம்ம தொழிலு? ரசவாதி காலத்துலேருந்து அதுதானே. வேண்டாததை எரி, வேண்டியதை வை."

"வேண்டியது எதுன்னு யாரு சொல்றது?"

"கெமிஸ்ட்தான்."

டீச்சர் தாளை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கதையைத் தொடங்கினார்.

"முன்னாடி சீமையில ஒருத்தர், காத்துல என்ன இருக்குன்னு பார்க்க உட்கார்ந்தாராம். தெரிஞ்சதை எல்லாம் பிரிச்சு எடுத்துட்டார். கடைசியில குழாய்க்குள்ள ஒரு சின்னக் குமிழி மிச்சம். என்ன செஞ்சும் போகலை. அப்படியே எழுதி வச்சுட்டார். நூறு வருஷம் அதை யாரும் சீந்தலை."

"தெரியுமே. அந்தக் குமிழிதான் ஆர்கான் வாயு. குண்டு பல்புக்குள்ள அடைக்கறது. காலேஜ்ல அஞ்சு மார்க் கேள்வி."

"எழுதினீங்களா?"

"அஞ்சுக்கு அஞ்சு."

"அப்ப சரி. டீ ஆறுது, குடிங்க," என்றார் டீச்சர்.

மறுநாள் தில்லைநாயகம் மீதிச் சேலையோடு வந்தார். முந்தானைப் பக்கம்தான் மிஞ்சியிருந்தது. சிமெண்டு நிறம், அரக்குக் கரை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உங்க கலவையை இதுல ஊத்துங்க," என்றார் டீச்சர்.

தில்லைநாயகம் சேலையை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"மாட்டேங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

"இப்ப அதுல என்ன வாசம் இருக்கு?"

அவர் முகர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"தகர வாசம்," என்றார்.

"அப்புறம் எதைக் காப்பாத்துறீங்க?"

கோபம் வந்துவிட்டது அவருக்கு. எழுந்து வாசல் வரைக்கும் போனார். செருப்பைக்கூடப் போட்டுவிட்டார். பிறகு அப்படியே நின்றார்.

"முகத்துக்குப் போட்டோ இருக்குங்க," என்றார் தெருவைப் பார்த்தபடி. "குரலுக்குப் பேத்தி பிறந்தநாள் வீடியோ ஒண்ணு இருக்கு. அதுல, கேக்கை வெட்டு, கேக்கை வெட்டுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. வாசத்துக்கு என்ன இருக்கு சொல்லுங்க. ராத்திரி பக்கத்துல கை போட்டா தலகாணி. எனக்கு அவளை அவ்வளவு தேடுது டீச்சர்."

வாசலில் மீன்காரியின் சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது.

அவர் திரும்பி வந்தார். தன் கலவைக் குப்பியைத் திறந்து, முந்தானையில் தெளித்தார். டீச்சர் அதைக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டினார். பக்கத்துக் கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, அவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

"திட்டுவா."

"எதுக்கு?"

"வந்ததும் கை, மூஞ்சி கழுவிட்டு, அவ முந்தானையிலதான் துடைப்பேன். தினமும். அவ அடுப்புல நின்னுக்கிட்டு இருப்பா. பின்னாடி போய் இழுத்துத் துடைப்பேன். கொடியில துண்டு கெடக்கு, கண்ணு தெரியலையான்னு திட்டுவா."

"இழுத்துக்குவாங்களா?"

"எதை? முந்தானையையா?" தில்லைநாயகம் யோசித்தார். "இல்லை. ஒரு நாள்கூட இழுத்துக்கிட்டதில்லை."

சொல்லிவிட்டு ஆணியில் கிடந்த முந்தானையை முகர்ந்து பார்த்தார். முகம் தொங்கிப் போயிற்று. யாரோ ஒரு பொம்பளைதான்.

மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, கொல்லையில் கிடந்த முந்தானையை எடுத்துக்கொண்டு விடைபெற வந்தார்.

"பஸ் எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு."

"அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை செஞ்சுட்டுப் போங்க. கம்பெனியில நீங்க என்ன போட்டுக்கிட்டிருந்தீங்க?"

"வாழைப்பழ எசன்ஸ். ஐஸ், மிட்டாய், கேக் எல்லாத்துக்கும் நம்ம சரக்குதான்."

"எனக்கு ரோஜா தெரியும், மல்லிகை தெரியும், சந்தனம் தெரியும். அது ஒண்ணு செஞ்சதில்லை. சொல்லித் தர்றீங்களா?"

தில்லைநாயகம் பையைக் கீழே வைத்தார். ஆறு வருஷமாக அவரிடம் யாரும் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே அவரை. டீச்சருக்கு டீச்சராகிவிட்டார். அந்தக் குடுவையை எடு, இதைக் கழுவு, தீயைக் குறை, அவசரப்பட்டால் கருகும் என்று ஒரே அதட்டல். காடி அமிலத்தையும் சாராய வகையைச் சேர்ந்த ஒன்றையும் அளந்து ஊற்றினார். கந்தக அமிலம் சில சொட்டு விட்டார். வெந்நீரில் குடுவையை வைத்து, இடுப்பில் கை ஊன்றி நின்றார்.

"ரெண்டுமே நாத்தம் பிடிச்சதுங்க. ஒண்ணு மூக்கை அரிக்கும், ஒண்ணு குமட்டும். சேர்த்தா பழ வாசம். இது எப்படின்னு முப்பத்துமூணு வருஷம் யோசிச்சிருக்கேன்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"சமன்பாடு தெரியும். வேறென்ன தெரியும்?"

பதினொரு மணிக்குக் கொல்லை முழுக்க வாழைப்பழமாக மணத்தது. சோடா உப்பு போட்டதும் நுரைத்துப் பொங்கி அவர் கையெல்லாம் வழிந்தது. சட்டையிலும் தெறித்தது. எண்ணெய் மாதிரி மேலே மிதந்ததைத் தனியாக இறுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"பாருங்க. தண்ணி மாதிரி இருக்கணும். நிறம் இருந்தா அழுக்கு."

"அழகா இருக்கு," என்றார் டீச்சர். "நேரமாச்சு. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆக்கியாச்சு."

தில்லைநாயகம் தொட்டியடிக்குப் போனார். சொம்பில் மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார். முகத்தில் அடித்துக்கொண்டார். உள்ளே அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வேலை செய்த அலுப்பு, நல்ல பசி, கண்ணில் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டினார். கைக்குத் தெரிந்ததை, ஆணியில் தொங்கிய முந்தானையை, அது பிடித்து இழுத்தது. முகத்தைத் துடைத்தார்.

துடைத்த கை பாதியில் நின்றது. இது யாரோ ஒரு பொம்பளை இல்லை.

டீச்சர் கொல்லைக் கதவுக்கு வந்தார். தில்லைநாயகத்தின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சட்டைப்பையிலிருந்த தாள் நனைந்து, சிவப்பு மை சட்டையில் ஊறியிருந்தது.

"ஐயா, கொடியில துண்டு கெடக்கு," என்றார் டீச்சர்.

முந்தானையிலிருந்து அவர் முகத்தை எடுக்கவில்லை.

"இப்படித்தான் சொல்லுவா," என்றார்.