நாற்காலிக்குப் போட்ட பசை

தையல்நாயகி அம்மாவின் ஆசிரமம் என்பது மலையடிவாரத்தில் ஒரு ஓட்டு வீடு. கூடத்தில் நாலைந்து பாய்கள். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஒரு மர நாற்காலி. அம்மாவின் சீடர் திருமேனி, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

அன்று காலை திருமேனி கேட்டார்.

“செவ்வந்தி வாராவாரம் வருது. புருஷன் போனதுலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம். வாசல்லயே கும்பிட்டுட்டு, வாய் திறக்காமப் போயிடுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா?”

“என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலையே ஐயா.”

குருவுக்குத் தெரியாததும் உண்டா? தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு திருமேனி பூப்பறிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அம்மாவின் வலது கை அதன் காலைப் பிடித்திருந்தது.

“கால் ஆடிச்சுன்னு பசை போட்டேன். பசை டியூப் வெடிச்சுக் கையெல்லாம் வழிஞ்சிடுச்சு. இப்ப வரமாட்டேங்குது.”

“ஆசாரியைக் கூப்பிடறேன்னு சொன்னேனே!”

“சொன்னீங்க.”

திருமேனி பிடித்து இழுத்தார். அம்மா “ஆ!” என்று அலறினார். அதே நேரம் வெளியே படல் திறக்கும் சத்தம். செவ்வந்திதான்.

“உள்ளே போயிடுங்கம்மா. இந்தக் கோலத்துல பார்த்தா அது என்ன நினைக்கும்?”

“நாற்காலியையும் தூக்கிக்கிட்டா?”

திருமேனி வாசலுக்கு ஓடி வழிமறித்தார். “அம்மா இன்னிக்கு மௌனம். பார்க்க முடியாது.”

“செவ்வந்தி!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “கை ஒட்டிக்கிச்சும்மா. கொஞ்சம் வாயேன்!”

திருமேனி கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வந்தி முதல்முறையாக வாசற்படியைத் தாண்டினாள். பார்த்ததும் பூப்பொட்டலத்தைக் கீழே போட்டாள்.

“ஐயையோ! யாரும் இழுக்காதீங்க, தோல் பிச்சுக்கும். ஐயா, என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? வெந்நீர் வைங்க. தேங்காயெண்ணெய் எங்கே இருக்கு?”

அவர் ஓடினார்.

அம்மாவின் கையை மடிமேல் வைத்து, வெந்நீர் விட்டு, எண்ணெய் தடவி, விரல் விரலாக நீவினாள் செவ்வந்தி.

“அசையாதம்மா. சொன்னாக் கேளு.”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

சுண்டுவிரல் வந்தது. அடுத்ததும் மெல்ல விட்டது.

“அவருக்கும் கடைசியில கை மடங்கிப்போச்சு,” என்றாள். “இப்படித்தான் ஒவ்வொரு விரலா நீவி விடுவேன். வலிச்சாலும் சொல்ல மாட்டாரு, பாவி மனுஷன்.”

அவள் கை நின்றது. அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள்.

அம்மாவின் ஒரு கை நாற்காலியோடு இருந்தது. இன்னொரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திருமேனி வெந்நீர்ப் பாத்திரத்தோடு அடுக்களையிலேயே நின்றார். அழுகை ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தார்.

கை முழுதும் விடுபட மதியமாகிவிட்டது. “நாளைக்கும் வந்து எண்ணெய் போடறேன். பாத்திரம் கீத்திரம் தேய்க்காதே,” என்று அதட்டிவிட்டுக் கிளம்பினாள் செவ்வந்தி.

அவள் போனதும் திருமேனி அம்மாவின் காலில் விழுந்தார்.

“புரிஞ்சுதும்மா. அதைப் பேச வைக்கத்தானே கையை ஒட்டிக்கிட்டீங்க?”

அம்மா சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொண்டார்.

“இல்லை ஐயா. நாற்காலியைத்தான் ஒட்டப் பார்த்தேன்.”