எந்த ஊர் என்று சொல்வது

காவிரிக்கரையில் இருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயில் கிடப்பவர்களின் பெயரையும் ஊரையும் காலை வழிபாட்டிலும் உச்சிவேளை வழிபாட்டிலும் உரக்க வாசிப்பார்கள். கூடியிருப்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி, "நலம் பெறுக" என்பார்கள்.

வாசிக்கும் பொறுப்பு குற்றாலிங்கத்துடையது. ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். நம் நாட்டுக்கு ஒரு வருஷமும் ஆப்பிரிக்காவுக்கு ஒரு பீரியடும் ஒதுக்கி நடத்தியவர். மடத்தின் தலைவி திலகவதி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தும் திலகவதியிடம்தான் குற்றாலிங்கம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

ஒரு நாள் விடியற்காலையில் இனோங்கே என்ற பெண் வந்தாள். பக்கத்து நகரத்தில் நர்ஸிங் படிப்பவள். கடல் தாண்டி இருக்கும் அவளுடைய தாய்க்கு அன்று அறுவை சிகிச்சை.

"அம்மா பேர் நமசிகு. ஊர்..." என்று தட்டுத்தடுமாறித் தமிழில் தொடங்கினாள்.

"ஆப்பிரிக்காதானே? போதும்மா. ஊர் பேரச் சொன்னா இங்க யாருக்கு விளங்கும்?" என்றார் குற்றாலிங்கம். நல்ல மனிதர்தான். ஆனால் அவசரக்காரர்.

வழிபாட்டில், "ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நமசிகு" என்று வாசித்தார். இனோங்கே தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வழிபாட்டுக்கும் இருப்போம் என்று ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு குற்றாலிங்கம் தலைவியிடம் கேட்டார்.

"தாயே, நம்ம நாடு மட்டும் ஏன் தனி ரகமா அமைஞ்சுது? பத்து மைல் தாண்டினா பேச்சு மாறுது, குழம்பு ருசி மாறுது. இத ஒரு வார்த்தைக்குள்ள அடைக்க முடியுமா? வேற எங்கயாவது இப்படி உண்டா?"

"உங்க அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார் திலகவதி.

"மூச்சு வாங்குது, தாயே. நாலு நாளா கஞ்சிகூட இறங்கல."

"இன்னைக்கு உச்சிவேளைல அவங்களுக்கு நானே வாசிக்கிறேன்."

குற்றாலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

உச்சிவேளையில் தலைவி பட்டியலைக் கையில் எடுத்தார். "ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நமசிகு" என்று வாசித்தார். பிறகு, "ஆசியாவைச் சேர்ந்த ஆவுடையம்மாள்" என்றார்.

கூட்டம் வழக்கம்போல, "நலம் பெறுக" என்றது.

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. எல்லாரும் கலைந்து போகும்வரை பொறுத்திருந்தார்.

"தாயே, எங்கம்மாவுக்கு ஊர் இருக்கு."

"எல்லாருக்கும் தெரிஞ்ச ஊரா?"

"இல்ல. மொத்தமே நாப்பது வீடு. சங்கரன்கோவில்ல போய்க் கேட்டாலே முழிப்பாங்க."

"அப்ப ஆசியான்னு சொன்னது போதாதா?"

"அந்த ஊர விட்டு எங்கம்மா ஒரு நாள்கூட வெளிய தங்கினதில்ல." அவர் குரல் உடைந்தது. "யாரோ ஒருத்திக்கு வாசிச்ச மாதிரி இருக்கு, தாயே. ரொம்ப வலிக்குது. ஊர் எதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

திலகவதி பட்டியலையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு பஸ்ஸுக்குப் போயிட்டிருக்கா. இன்னும் ஏறியிருக்க மாட்டா. ஓடுங்க, வாத்தியாரே."