சென்னியப்பனின் புரொஜெக்டர் யாருக்கு?

மூன்று பேர் ஒரு பெட்டிக்கு உரிமை கேட்ட கதை இது. முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன். யார் என்ன செய்தார்கள் என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

சிங்காநல்லூரில் சென்னியப்பன் என்றொரு பெரியவர், நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெருமையெல்லாம் இறந்துபோன மனைவி மாராத்தாளைப் பற்றித்தான். அதே ஆலையில் வேலை பார்த்த மாராத்தாள், அறுந்த நூலை ஒட்டும் போட்டியில் அத்தனை பேரையும் தோற்கடித்தவள். "மத்தவங்க நூல் சுத்தி ஓடற கதிரோட மல்லுக்கட்டுனாங்க. அவ முழங்காலால கதிரை ஒரு நொடி நிறுத்துவா, ஒட்டுவா, விட்டுருவா" என்று கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இயந்திரம் பூட்ட வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் அந்தப் போட்டியைப் படம் பிடித்தார். ஊர் திரும்பும்போது மூன்றரை நிமிடச் சுருளையும் அதை ஓட்டும் புரொஜெக்டரையும் சென்னியப்பனுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

மாராத்தாள் போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை. இந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கையில், பெரியவர் பிள்ளைகள் மூவரையும் கூப்பிட்டார். விஜயதசமி காலையில் அதை ஓட்டிக் காட்டுகிறவருக்குப் பெட்டியும் சுருளும் சொந்தம் என்று சொல்லிவிட்டார்.

கடைசி மகள் தெய்வானைக்குத்தான் அது எல்லோரையும்விட அதிகம் வேண்டியிருந்தது. தாய் போனபோது அவளுக்கு மூன்று வயது. அண்ணன்மார் இருவருக்கும் அம்மாவின் நடை, சிரிப்பு எல்லாம் நினைவிருந்தது. அவளுக்கு இருந்தது மாலை போட்ட ஒரு போட்டோ மட்டும். ஆனால் அவளோ ரவிக்கை தைப்பவள். மோட்டாரையும் பல்பையும் கண்டாளா?

பெரியண்ணன் நாச்சிமுத்து லேத் பட்டறைக்காரர். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, அளவு பார்த்துப் புது பெல்ட் பூட்டி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். மோட்டார் சுழன்றது. சின்னண்ணன் குமரவேல் வயரிங் வேலைக்காரர். எங்கெங்கோ அலைந்து பல்பு வாங்கி வந்தார். பெட்டியின் தகட்டில் நூற்றுப்பத்து வோல்ட் என்றிருந்ததைப் படித்து, நேராகச் சொருகினால் எல்லாம் பொசுங்கிவிடும் என்று டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார். வெளிச்சம் வந்தது.

பூஜையன்று பெட்டிக்குப் பொட்டு வைத்து, ஆலை வழக்கப்படி தொடாமல் விட்டார்கள். மறுநாள் காலை ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினார்கள். சுருளை மாட்டியது நாச்சிமுத்து. தொய்ந்த நூல் கெட்ட நூல் என்று கேட்டு வளர்ந்தவர் அல்லவா, ஃபிலிமைத் தறியில் பூட்டிய பாவு நூல் மாதிரி விறைப்பாக இழுத்து மாட்டினார்.

சுவரில் மாராத்தாள் வந்தாள். இரண்டே நொடி. பிறகு உருவம் மேலும் கீழும் குதித்தது, படபடவென்று சத்தம் கேட்டது, படம் அப்படியே நின்றது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க, தெய்வானை மட்டும் பெட்டியைப் பார்த்தாள். ஃபிலிம் பல்புக்கு முன்னால் சிக்கி நிற்பதைக் கண்டதும் சட்டென்று ஸ்விட்சை அணைத்தாள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அந்தச் சூட்டில் அம்மாவின் முகம் கருகியிருக்கும்.

ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை ஏன் நிறுத்தினாய் என்று அண்ணன்மார் கோபித்தார்கள். அவள் பக்கவாட்டுக் குமிழைக் கையால் மெல்லத் திருகிப் பார்த்தாள். பல்சக்கரங்கள் நிற்காமல் உருண்டன. லென்ஸுக்குப் பின்னாலிருந்த சிறு கொக்கியோ ஒவ்வொரு படமாக இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி விட்டது. இரண்டுக்கும் நடுவே விறைப்பான ஃபிலிமுக்கு நெளிய இடமில்லை.

"நூலுக்குத் தொய்வு இருந்தாத்தான் ஊசி இறங்கும்ணா. இதுக்கும் அப்படித்தான்" என்றாள். கொக்கிக்கு மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் அளவுக்கு ஃபிலிமை வளைத்துத் தொங்கவிட்டாள். "இப்போ நீங்களே போடுங்க."

நாச்சிமுத்து ஸ்விட்சைப் போட்டார். மூன்றரை நிமிடமும் ஆடாமல் அசையாமல் ஓடியது. மாராத்தாள் முழங்காலால் கதிரை நிறுத்தினாள், நூலை ஒட்டினாள், நிமிர்ந்து சிரித்தாள். அம்மா சிரிப்பதைத் தெய்வானை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

படம் முடிந்ததும் வழக்கு ஆரம்பித்தது. பெல்ட் இல்லாமல் ஏது ஓட்டம் என்றார் நாச்சிமுத்து. வெளிச்சம் இல்லாமல் ஏது படம் என்றார் குமரவேல். "ஓட்டறவங்களுக்குன்னுதானுங்கப்பா சொன்னீங்க? ஸ்விட்ச் போட்டவன் நான். இவ நிறுத்துனவ" என்று மறுபடி நாச்சிமுத்துவே முடித்தார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சென்னியப்பன் தன் சொல் தவறாமல் அந்தப் பெட்டியை யாரிடம் கொடுக்க வேண்டும்?

விடை: தெய்வானையிடம். மோட்டார் சுழல்வதும் பல்பு எரிவதும் எல்லாப் பெட்டிக்கும் பொது. ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் நிறுத்திக் காட்டுவதுதான் புரொஜெக்டரின் வேலை. அதற்கு இடம் கொடுத்த பிறகே அது ஓடியது. அவள் அணைத்திருக்காவிட்டால் ஓட்டிக் காட்டச் சுருளும் முழுதாக மிஞ்சியிருக்காது. சென்னியப்பன் இவ்வளவு விளக்கவில்லை. "உங்கம்மாவும் நிறுத்தித்தான் ஜெயிச்சா" என்று மட்டும் சொன்னார். நாச்சிமுத்து பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தார்.