மாசானம் கேட்காத பாட்டு

"தாயே, எனக்கு விடை கொடுங்கள். நான் போகிறேன்" என்றார் மாசானம்.

"எங்கே?"

"தெரியாது."

"ஏன் என்பதாவது தெரியுமா?"

"தெரியும். எனக்கு மறதி வந்துவிட்டது."

உலகம்மை தலை நிமிரவில்லை. முறத்தில் கிடந்த வேர்களைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருந்தது அந்த மடம். மூட்டுவலிக்காரர்களுக்கு அங்கே எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார்கள். எந்தச் சரக்குக்குப் பிறகு எந்தச் சரக்கு, எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும், எல்லாம் பாட்டாக இருந்தது. பாட்டை எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. மனப்பாடம்தான்.

உலகம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பழைய குரு மறைந்தபோது பொறுப்பு அவரிடம் வந்தது. மாசானத்துக்கு ஐம்பத்து நான்கு. புதிதாக வருகிறவர்கள் மாசானத்தின் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு அவர் காலில் விழுவதுண்டு. அவர் பதறிப்போய் உலகம்மையைக் காட்டுவார்.

"நேற்று எண்ணெயில் சேராங்கொட்டையை இரண்டு முறை போட்டேன்" என்றார் மாசானம். "முதல் முறை போட்டதே நினைவில்லை. பிச்சைக்கண்ணு பார்த்திருக்காவிட்டால் யாருடைய முழங்காலாவது வெந்து போயிருக்கும்."

"அதைத்தான் கீழே கொட்டிவிட்டோமே."

"நேற்று கொட்டினோம். நாளைக்கு?"

உலகம்மை இன்னொரு பிடி வேரை முறத்தில் அள்ளிப் போட்டார்.

"எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். பிச்சைக்கண்ணுவுக்கு எழுபது வயது. பல் இல்லை. கண் சரியில்லை. ஆனால் ஒரு பாட்டில் ஒரு சீர்கூடத் தவறுவதில்லை. நான் அவரைவிடச் சின்னவன். கள்ளைத் தொட்டதில்லை. ஒரு நாள் பாடத்துக்கு வராமல் இருந்ததில்லை. எனக்கு ஏன் முதலில் நினைவு போக வேண்டும்?"

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த பிச்சைக்கண்ணு கையை நிறுத்தினார்.

"என் பல்லை எதுக்குவே இதுல இழுக்கீரு?"

"நீர் அரையும்" என்றார் உலகம்மை.

அவர் அரைத்தார்.

"மாசானம், காலையில் நான் சொன்ன பாடலில் மூன்றாவது சரக்கு எது?"

மாசானம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"தெரியவில்லை."

"இரண்டாவது?"

"தெரியவில்லை."

"பாடம் நடந்தபோது யார் யார் வந்தார்கள்?"

"முதலில் பால்காரர் வந்தார். இடது கால் செருப்பு அறுந்திருக்கிறது, இழுத்து இழுத்து நடந்தார். பிறகு ஒரு பிள்ளைத்தாய்ச்சி. குனிய முடியாமல் செருப்பைக் காலாலேயே உதறினாள். அப்புறம் ஒருவன் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனான். கையில் குடை. பிச்சைக்கண்ணு நடுவில் எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வந்தபோது வாயில் வெல்லம் இருந்தது."

"ஏ வே!" என்றார் பிச்சைக்கண்ணு.

"உங்களுக்குச் சமையல்காரர் மேல் கோபம். செம்பை எப்போதும் வைப்பதைவிடச் சற்று அழுத்தி வைத்தீர்கள்."

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

"பிச்சைக்கண்ணு, பாடம் நடந்தபோது யார் வந்தார்கள்?"

"யாராவது வந்தாங்களா என்ன?" என்றார் பிச்சைக்கண்ணு.

உலகம்மை மாசானத்தின் பக்கம் திரும்பினார்.

"எப்போதிலிருந்து இப்படிக் கவனிக்கிறீர்?" என்று உலகம்மை கேட்டார்.

"கவனிக்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்."

"முதலில் கவனித்தது எதை?"

மாசானம் வாசலைப் பார்த்தார்.

"அப்பாவின் செருப்பை."

"சொல்லும்."

"மரக்கடையில் வேலை. சாயங்காலம் குடித்துவிட்டு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அன்றைக்குப் பயமில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். சத்தம் கேட்காவிட்டால் செருப்போடு உள்ளே வருகிறார் என்று அர்த்தம். அவர் நடையைத் தாண்டுவதற்குள் தங்கையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடிவிட வேண்டும். அழுதால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவள் வாயைப் பொத்திக்கொள்வேன்."

"அம்மா?"

"அவளைத் தூக்க முடியாதே."

ஊர்க்கதை சொல்வதுபோலத்தான் அவர் இதைச் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"அப்போது என்ன வயது?"

"ஆறு இருக்கும். பதினான்கு வயதில் அவர் செத்துப்போனார். எனக்குப் பதினான்கு, அவருக்கு இல்லை."

"அப்படியானால் நான் பிறப்பதற்கு முன்பே செத்துப் போயிருக்கிறார்."

"ஆமாம்."

"உமக்கு அது தெரியும்."

"கொள்ளி வைத்ததே நான்தானே."

"உம்முடைய காதுக்கு யாராவது சொன்னார்களா?"

மாசானம் அவரைப் பார்த்தார். அப்போது வெளியே ஏதோ சலசலத்தது. பேச்சு நடுவிலேயே அவர் தலை வாசல் பக்கம் திரும்பியது. ஓர் ஆடு. தலையைத் திரும்பக் கொண்டுவந்தபோது உலகம்மை கேட்டது என்ன என்பது அவருக்குப் பாதிதான் நினைவிருந்தது.

"என் உடம்புக்கு ஐம்பத்து நான்கு. என் தலைக்கு அதைவிட அதிகமா?"

"பகலில் உழுத மாட்டை இரவிலும் அவிழ்க்காமல் விட்டால், அதற்கு எத்தனை வயது என்று சந்தையில் யார் சொல்வார்கள்?"

"இனி அவிழ்த்துவிட்டால் போன வயது திரும்புமா?"

"தெரியாது."

"குருவுக்கே தெரியாதா?"

"தெரியாது."

மாசானத்துக்குக் கோபம் வந்தது. அது கோபம்தானா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்படியானால் விடை கொடுங்கள். குருவுக்கே தெரியாத இடத்தில் இருந்துகொண்டு நான் யார் முழங்காலையும் எரிக்க வேண்டாம்."

"கொடுக்கிறேன். உம் தங்கை இருக்கிறாளா?"

"இருக்கிறாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறது."

"கூட்டிக்கொண்டு வாரும்."

"அவள் எதற்கு?"

"நீர் போய்விட்டால் எண்ணெய் கிளற ஆள் வேண்டாமா?"

மாசானத்தின் முகம் சுண்டிவிட்டது. போகிறேன் என்று சொன்னவர் அவர்தான். போ என்று இவ்வளவு சீக்கிரம் சொல்வார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

தங்கை பேச்சி மறுநாள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மடத்து வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

"பொங்கலுக்குக்கூட எட்டிப் பாக்காத அண்ணன் வீட்டு வாசல்ல வந்து நிக்கான். யாரோ செத்துட்டாங்கன்னு நான் மாரைப் பிடிச்சிட்டேன். பாத்தா எண்ணெய் கிளறணுமாம்! ஏன் அண்ணே, உங்க மடத்துல கை கால் உள்ள ஆளே கிடையாதா?"

"மெதுவாப் பேசு. அவங்கதான் குரு."

"இந்தப் பிள்ளையா?"

உலகம்மை சிரித்துவிட்டார். பேச்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கிளறத் தெரியுமா?" என்று உலகம்மை கேட்டார்.

"தலைமுறை தலைமுறையாக் களி கிண்டுற கை, சாமி."

"நினைவு எப்படி? இங்கே எல்லாம் மனப்பாடம்."

"எங்க தெருவுல எந்தக் கல்யாணத்துல யாருக்கு அப்பளம் கிடைக்கலன்னு கேளுங்க. சொல்லுதேன்."

"சின்ன வயதில் இருந்த வீடு நினைவிருக்கிறதா?"

பேச்சியின் வாய் முதல்முறையாகச் சற்று நின்றது. அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கு."

"அங்கே கேட்டது ஏதாவது ஒன்றைச் சொல்."

மாசானம் தரையைப் பார்த்தார். செருப்பைத்தான் சொல்லப் போகிறாள் என்று இருந்தார். சொல்லாமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

"பாட்டு ஒண்ணு இருக்கு" என்றாள் பேச்சி.

"எந்த வீட்டுல?" என்றார் மாசானம்.

"நம்ம வீட்டுலதான்."

"அந்த வீட்டுல ஏது பாட்டு?"

"அம்மா பாடுவாளே."

"அம்மாவுக்குப் பாடத் தெரியாது."

பேச்சி பாடினாள். குரல் கரகரப்பாக இருந்தது. ஆனால் எங்கும் தடுக்கவில்லை.

"கோரை முளைச்ச குளத்துல கொக்கு வந்து நின்னுச்சாம்.
கொக்கு கண்ணு அசந்ததும் மீனு கல்யாணம் வச்சுச்சாம்.
மேளம் கொட்ட நண்டு வந்து காலைக் காலை ஆட்டுச்சாம்.
தாலி கட்டும் நேரத்துல தவளை ராகம் போட்டுச்சாம்."

பிச்சைக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார். "தவளை ராகமாம்!"

மாசானம் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தையையாவது எங்கேயாவது கேட்டிருக்கிறோமா என்று உள்ளே தேடினார். கிடைக்கவில்லை. இருட்டில் கையால் துழாவுவதுபோலக்கூட இல்லை. துழாவுவதற்கு அங்கே இடமே இல்லை.

"நீ வேற எங்கயோ கேட்டிருப்பே."

"அம்மா மடியில படுத்துக் கேட்டேன். தவளை வர்ற இடத்துல என் வயித்துல விரலை வச்சு அமுக்குவா. கூசும்."

"எப்ப?"

"தினமும்தான். விளக்கு வச்ச பிறகு, அப்பா வர்ற வரைக்கும்."

"அம்மா அழுததுதான் எனக்குத் தெரியும்."

"அழுதா. யாரு இல்லன்னது? அது அவரு வந்த பிறகு. அதுக்கு முன்னால பாடினா."

"அப்ப நான் எங்கே இருந்தேன்?"

"வாசல்ல. தெரு திரும்புற இடத்தையே பாத்துக்கிட்டு நிப்பே. உள்ள வாடா, உனக்கும் பாடுதேன்னு அவ கூப்பிடுவா. நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டே. காது கேக்காத பிள்ளையோன்னு ஒரு தடவை எங்கிட்டயே கேட்டா."



பேச்சி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ நின்னே. அதான் அவ பயமில்லாமப் பாடினா."

பிச்சைக்கண்ணு குழவியை உருட்டாமல் உட்கார்ந்திருந்தார். இந்த முறை யாரும் அவரை அரைக்கச் சொல்லவில்லை.

மாசானம் பேச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னொரு தரம் பாடு."

பேச்சி பாடினாள். அவர் உதட்டை அசைத்துக் கூடவே வந்தார். கோரை வந்தது. கொக்கு வந்தது. மீன் வருவதற்குள் தெருவில் யாரோ நடந்து போனார்கள். அவர் தலை திரும்பியது.

"கோலூன்றி வருகிறவர். வலது முழங்கால்" என்றார். பிறகு, "கொக்குக்கு அப்புறம் என்ன?"

"மீனு கல்யாணம்."

"முதல்ல இருந்து பாடு."

அவள் பாடினாள். இந்த முறை மீன் வரை போனார். அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. அவர் பாதி எழுந்துவிட்டார். மறுபடி உட்கார்ந்தபோது மீனும் போயிருந்தது.

"எனக்கு வராது" என்றார். "தாயே, நீங்களே பார்த்தீர்கள். எண்ணெய்ப் பாட்டெல்லாம் போகட்டும். நான் போகிறேன், இவள் கிளறட்டும். இந்த ஒரு பாட்டு மட்டும் எனக்கு வேண்டும். எல்லாமே மறந்துபோவதற்கு முன்னால் இது ஒன்றை ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட வேண்டும். அதுகூட வரவில்லை."

உலகம்மை எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நேராக வாசலுக்குப் போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டி, நிலையில் ஒரு கையை ஊன்றி, தெரு திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் திரும்பவில்லை.

"தாயே, அங்கே என்ன?" என்றார் மாசானம்.

"வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். நீர் பாட்டைக் கேளும்."