அமைச்சர் எழுதிய சந்தைச் சட்டம்

காலை பதினொரு மணிக்கு, நாற்பது பக்க மாதிரிச் சட்டம் ஒன்று சட்டத்துறை மொழிபெயர்ப்பாளர் திரவியத்தின் மேசையில் விழுந்தது. எல்லா மாநிலங்களுக்கும் டெல்லி அனுப்பியிருந்த சந்தைச் சட்டம் அது.

“தமிழ்ல ஒரு வார்த்தை மாறக் கூடாது. ஆனா நானே எழுதின மாதிரி இருக்கணும்,” என்றார் அமைச்சர் பூவராகன். “இல்லேன்னா உன்னை வால்பாறைக்கு மாத்திடுவேன்.”

“சரிங்கய்யா,” என்றார் திரவியம்.

மறுவாரம் பத்திரிகைக்காரர்களான எங்களைக் கூட்டி, “வரிக்கு வரி என் உழைப்பு,” என்று மார்தட்டினார் அமைச்சர். முதல் பிரிவை வாசிக்கச் சொன்னோம். கணீரென்று வாசித்தார்: “இச்சட்டம், மாநிலத்தின் பெயரை இங்கே நிரப்பவும், முழுவதற்கும் பொருந்தும்.”

அறையே சிரித்தது.

“என்னய்யா இது?” என்று பக்கத்தில் நின்ற திரவியத்தின் மேல் பாய்ந்தார் அமைச்சர்.

“நீங்க எழுதின மாதிரி இருக்கணும்னீங்களே ஐயா. டெல்லிக்காரங்க நமக்கு எழுத விட்டது அந்த ஒரு இடம்தான். அதையும் நான் எழுதிட்டா நல்லாவா இருக்கும்?”

இத்தனை பேர் பார்க்க அவரை எப்படி வால்பாறைக்கு மாற்றுவது? அமைச்சர் பேனா வாங்கி மாநிலத்தின் பெயரை எழுதினார்.

சிரித்து முடித்த நாங்கள் அலுவலகம் திரும்பி, அமைச்சர் தரப்பு தந்த செய்திக்குறிப்பை ஒரு வார்த்தையும் மாற்றாமல், ‘நமது நிருபர்’ என்று போட்டு அச்சுக்கு அனுப்பினோம்.

மார்ச் 19 அன்று மசோதா விவாதமின்றி, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.